தனி மெஷினா, தனி அறையா, மாத்திரையா? டயாலிசிஸ் யூனிட்டில் ஹெபடைடிஸ் சி பரவினால் எதை முதலில் செய்வது

ஒரு டயாலிசிஸ் யூனிட்டில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை எடுக்கும் ரத்தப் பரிசோதனையில், போன தடவை நெகட்டிவாக இருந்த ஒருவருக்கு இந்தத் தடவை, ரத்தம் வழியாகப் பரவும் கல்லீரல் வைரஸான ஹெபடைடிஸ் சி பாசிட்டிவ் என்று வருகிறது. இடையில் அவருக்கு ரத்தம் ஏற்றவில்லை, ஆபரேஷன் எதுவும் நடக்கவில்லை. தொற்று எங்கிருந்து வந்திருக்கும் என்று யாரும் வாய்விட்டுச் சொல்லாவிட்டாலும் எல்லோருக்கும் புரிந்துவிடும். அடுத்து ஒரு கூட்டம் கூடும். பாசிட்டிவ் நோயாளிகளுக்குத் தனி மெஷின் ஒதுக்கிவிடலாம் என்பார் ஒருவர். தனி அறையே போட்டுவிடலாம் என்பார் இன்னொருவர். கை கழுவுவதையும் க்ளவுஸ் மாற்றுவதையும் கறாராக்கினால் போதும் என்பார் தலைமை நர்ஸ். பாசிட்டிவ் ஆனவர்களுக்கு மாத்திரை கொடுத்துக் குணமாக்கிவிட்டால் பரப்ப ஆளே இருக்காதே என்பார் சிறுநீரக மருத்துவர்.

நான்கு பேர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் நான்குக்கும் ஒரே பலன் இல்லை. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பணமும் ஆட்களும் அளவாகத்தான் இருக்கின்றன என்றால், முதல் செலவு நர்ஸ், டெக்னீஷியன்களின் எண்ணிக்கைக்கும் பயிற்சிக்கும் போக வேண்டும். அடுத்தது வைரஸையே நேரடியாகத் தேடும் பி.சி.ஆர். பரிசோதனைக்கும் மாத்திரைக்கும். தனி மெஷினும் தனி அறையும் அந்த வரிசையில் கடைசியில்தான் வரும்.

இதில் இவ்வளவு அக்கறை ஏன் வேண்டும் என்றால், ஹெபடைடிஸ் பிக்கு இருப்பதுபோல ஹெபடைடிஸ் சிக்குத் தடுப்பூசி கிடையாது. வைரஸ் அடையாளம் காணப்பட்டது 1989இல். இத்தனை ஆண்டுகளாகியும் தடுப்பூசி வரவில்லை. தொற்று வந்தவர்களில் பெரும்பாலோருக்கு எந்த அறிகுறியும் தெரியாது. சிலருக்குத் தானாகவே போய்விடும். மற்றவர்களுக்குக் கல்லீரலில் தங்கிவிடும். நாள்பட்ட தொற்று உள்ளவர்களில் 15 முதல் 30 சதவீதம் பேருக்கு இருபது ஆண்டுகளுக்குள் கல்லீரல் சுருங்கி சிரோசிஸ் வரலாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. டயாலிசிஸ் செய்துகொள்பவருக்கு இதோடு இன்னும் இரண்டு சுமை சேர்கிறது. ஒன்று, சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சைக்கான திட்டம் சிக்கலாகும். இன்னொன்று, ஊசி. வாரத்துக்கு மூன்று டயாலிசிஸ் என்றால் வருடத்துக்கு 156 தடவை. ஒவ்வொரு தடவையும் ஃபிஸ்டுலாவில் (டயாலிசிஸுக்காகக் கையில் ரத்தக்குழாய்களை இணைத்து வைத்திருக்கும் இடம்) இரண்டு ஊசி என்றால் முந்நூற்றுக்கு மேல். வேறு எந்த நோயாளியின் ரத்தமும் இவ்வளவு அடிக்கடி உடம்புக்கு வெளியே வந்து போவதில்லை.

வைரஸ் போகும் வழி

தனி மெஷின் என்ற யோசனை, தொற்று மெஷினுக்குள்ளே ஒளிந்திருக்கிறது என்ற எண்ணத்திலிருந்து பிறக்கிறது. அது இயல்பான சந்தேகம்தான். ரத்தம் போய்வரும் இடம் அது, நாள் முழுக்க ஆள் மாறி ஆள் அதில் படுக்கிறார்கள். ஆனால் உள்ளே நடப்பதைக் கொஞ்சம் கவனித்தால் சந்தேகம் இடம் மாறிவிடும். நோயாளியின் ரத்தம் டியூப் வழியாக, ரத்தத்தைச் சுத்திகரிக்கும் வடிகட்டியான டயலைசருக்குள் போகிறது. அங்கே மெல்லிய சவ்வுக்கு ஒரு பக்கம் ரத்தம், மறுபக்கம் டயாலிசிஸ் திரவம். சவ்வின் துளைகள் சில நானோமீட்டர் அளவுதான். ஹெபடைடிஸ் சி வைரஸோ 50 நானோமீட்டருக்கு மேல். சவ்வு கிழியாத வரை வைரஸ் அந்தப் பக்கம் போக வழியில்லை. திரவம் ஒரு தடவை ஓடியதும் சாக்கடைக்குப் போய்விடுகிறது. டியூபும் டயலைசரும் அந்த நோயாளிக்கு மட்டுமே உரியவை.

மெஷினின் உள்பக்கம் ரத்தம் பட ஒரு வழி உண்டு. டியூபுக்குள் ரத்தம் ஓடும் அழுத்தத்தை மெஷின் அளப்பதற்காக அதிலிருந்து ஒரு சிறு கிளை போய் மெஷினில் சொருகும். அந்த இடத்தில் வட்டமாக ஒரு சின்ன ஃபில்டர் இருக்கும்; டிரான்ஸ்டியூசர் புரொடெக்டர் என்பார்கள். அழுத்தம் எகிறினால் ரத்தம் அதுவரை ஏறி ஃபில்டரை நனைத்துவிடும். நனைந்ததை உடனே மாற்ற வேண்டும். ரத்தம் ஃபில்டரைத் தாண்டிப் போயிருக்கிறதா என்று அந்த நோயாளியின் டயாலிசிஸ் முடிந்ததும் மெஷினைத் திறந்து பார்த்து, போயிருந்தால் கிருமி நீக்கம் செய்த பிறகுதான் அடுத்தவரைப் படுக்கவைக்க வேண்டும். நனைந்த ஃபில்டரை ஊதிக் காயவைத்துத் திரும்பச் சொருகுவது பெரிய தப்பு. ஆனால் இதெல்லாம் எப்போதாவது நடப்பது. அன்றாடம் நடப்பது வேறு.

ஷிஃப்ட் மாறும் அரைமணி நேரத்தைப் பாருங்கள். காலையில் வந்தவருக்கு முடிந்துவிட்டது. டெக்னீஷியன் ஊசியை உருவி, பஞ்சை வைத்து அழுத்திப் பிடிக்கிறார். க்ளவுஸில் ஒரு துளி ரத்தம். அதே நேரம் பக்கத்து மெஷின் அலாரம் அடிக்கிறது. இவர் எட்டிப்போய் அதே விரலால் ஸ்கிரீனில் அலாரத்தை நிறுத்துகிறார். இரண்டு நிமிடம் கழித்து அந்தப் பக்கத்து நோயாளிக்குச் சலைன் கொடுக்க வந்த நர்ஸ் அதே ஸ்கிரீனைத் தொடுகிறார், அப்புறம் டியூபில் ஊசி போடும் முனையைத் தொடுகிறார். அடுத்த ஷிஃப்ட் நோயாளி எடை பார்த்துவிட்டு வாசலில் நிற்கிறார். பழையவர் இன்னும் நாற்காலியை விட்டு எழவில்லை. துடைப்பதற்குள் புது டியூபை மாட்டத் தொடங்கிவிடுகிறார்கள். இதில் யாருமே சோம்பேறி இல்லை. நான்கு பேர் செய்ய வேண்டியதை இரண்டு பேர் செய்கிறார்கள், அவ்வளவுதான்.

க்ளவுஸ் போட்டிருக்கிறோம் என்ற தைரியம் இங்கே ஆபத்து. க்ளவுஸ் போட்டவரை அது காப்பாற்றும்; அவர் தொடும் அடுத்த நோயாளியைக் காப்பாற்றாது. உலர்ந்த ரத்தத்தில் இந்த வைரஸ் நாள்கணக்கில், சூழ்நிலை ஒத்துவந்தால் வாரக்கணக்கில்கூட உயிர்ப்போடு இருக்கும். கண்ணுக்குத் தெரியாத அளவு ரத்தமே போதும்.

இரண்டாவது பெரிய வழி மருந்து. ரத்தம் உறையாமலிருக்கக் கொடுக்கும் ஹெப்பாரினை ஒரே குப்பியிலிருந்து பல பேருக்கு எடுப்பது, ஒருவரின் டியூபில் போட்ட சிரிஞ்சை ஊசியை மட்டும் மாற்றிவிட்டுத் திரும்பக் குப்பிக்குள் விடுவது, ஒரே சலைன் பாட்டிலைப் பலருக்குப் பங்குபோடுவது, மருந்துத் தள்ளுவண்டியை ஒவ்வொரு படுக்கையாக உருட்டிக்கொண்டு போவது. பல நாடுகளில் டயாலிசிஸ் யூனிட்களில் தொற்று பரவியபோது துருவிப் பார்த்தவர்கள் திரும்பத் திரும்பக் கண்டவை இவைதான். 2014, 2015 ஆகிய இரண்டு ஆண்டுகளில் அமெரிக்காவில் எட்டு மாநிலங்களின் 19 டயாலிசிஸ் மையங்களிலிருந்து 36 புதிய தொற்றுகள் அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையமான சி.டி.சி.க்குத் தெரிவிக்கப்பட்டன. அதையொட்டி 2016 ஜனவரியில் சி.டி.சி. எல்லா மையங்களுக்கும் எச்சரிக்கை அனுப்பியது. வசதி குறைந்த இடங்களில் மட்டும் நடக்கிற விஷயம் இல்லை இது.

தனியாக வைப்பதும் எல்லோரிடமும் ஒரே கவனமும்

இப்போது நேரடியாக ஒப்பிடலாம். தனி மெஷின், தனி அறை என்று போனால் கிடைக்கும் லாபம் என்ன? பாசிட்டிவ் நோயாளியின் ரத்தம் பட்ட மெஷின் நெகட்டிவ் நோயாளியிடம் போகாது. தனி அறையோடு தனி ஊழியரையும் ஒதுக்கினால், ஒரே கை இரு தரப்பையும் தொடாது. இதில் உண்மையான பயன் கடைசியில் சொன்ன தனி ஊழியரில்தான் இருக்கிறது. தனி மெஷின் வைத்துவிட்டு அதே டெக்னீஷியன் இரண்டு பக்கமும் ஓடினால், வாங்கிய மெஷினுக்குக் கொடுத்த பணம் வீண்.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன? பெல்ஜியத்தில் பல மையங்கள் சேர்ந்து 54 மாதங்கள் தொடர்ந்த ஓர் ஆய்வு 1998இல் வெளியானது. அங்கே யாரையும் தனியாக வைக்கவில்லை, மெஷினைப் பிரிக்கவில்லை. எல்லா நோயாளிகளின் ரத்தத்தையும் தொற்றுள்ள ரத்தமாகவே நினைத்து நடந்துகொள்ளும் பழக்கத்தை மட்டும் கெட்டிப்படுத்தினார்கள். புதிய தொற்று படிப்படியாகக் குறைந்து கடைசியில் பூஜ்யத்துக்கு வந்தது. பல நாடுகளின் மையங்களைத் தொடர்ந்து கவனித்த 'டாப்ஸ்' ஆய்வின் 2004ஆம் ஆண்டு முடிவுகளில், நன்றாகப் பயிற்சி பெற்ற ஊழியர்களின் பங்கு கூடுதலாக இருந்த மையங்களில் புதிய தொற்று குறைவாக இருந்தது. தனியாக வைத்த மையங்களுக்கும் வைக்காத மையங்களுக்கும் புதிய தொற்றில் வித்தியாசம் தெரியவில்லை. அதே ஆய்வில் நாட்டுக்கு நாடு தொற்றின் அளவு 2.6 சதவீதத்திலிருந்து 22.9 சதவீதம் வரை மாறியது. அந்தந்த நாட்டு மக்களிடையே தொற்று எவ்வளவு இருக்கிறது என்பதும் இதற்கு ஒரு காரணம்தான், மறுக்கவில்லை. ஆனால் வேலை செய்யும் முறைக்கும் அதில் பங்கு உண்டு.

எதிர்த்தரப்பும் வெறுங்கையோடு இல்லை. ஈரானில் 12 மையங்களில் செய்த ஆய்வில் மெஷினைப் பிரித்த பக்கம் புதிய தொற்று குறைந்ததாகத் தெரிவித்தார்கள். தொற்று மிக அதிகமாக உள்ள சில மையங்களும் பிரித்த பிறகு குறைந்ததாகச் சொல்லியிருக்கின்றன. அவற்றில் ஒரு சிக்கல் உண்டு: பிரிக்கும்போது கூடவே பயிற்சி கொடுத்தார்கள், கவனம் கூடியது, கண்காணிப்பும் கூடியது. பலன் சுவரால் வந்ததா கவனத்தால் வந்ததா என்று பிரித்தெடுக்க முடிவதில்லை. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2016இல் எல்லா ஆதாரங்களையும் சலித்துப் பார்த்தபோது, தனிமைப்படுத்துவதால் தெளிவான பலன் உண்டு என்று சொல்லப் போதுமான ஆதாரம் இல்லை என்றுதான் முடித்தது. சி.டி.சி. 2001லிருந்தே ஹெபடைடிஸ் சிக்குத் தனி அறையோ தனி மெஷினோ தேவையில்லை என்று சொல்லிவருகிறது. சிறுநீரக நோய்களுக்கான சர்வதேச வழிகாட்டுதல்களைத் தயாரிக்கும் கேடிகோவும் தனி மெஷின் வேண்டாம் என்று பரிந்துரைக்கிறது.

ஹெபடைடிஸ் பிக்குத் தனி அறை, தனி மெஷின் கட்டாயம் என்கிறார்களே, சிக்கு மட்டும் ஏன் வேண்டாம் என்று குடும்பத்தார் கேட்பது நியாயமான கேள்வி. ஹெபடைடிஸ் பி ரத்தத்தில் பல மடங்கு அதிக எண்ணிக்கையில் இருக்கும். தொற்றுள்ள ரத்தம் பட்ட ஊசி குத்தினால், தடுப்பூசி போடாதவருக்கு அது 6 முதல் 30 சதவீதம் வரை தொற்றும். ஹெபடைடிஸ் சிக்கு அந்த அளவு பழைய கணக்கில்கூட 2 சதவீதத்துக்குள்தான். பியின் விஷயத்தில் சின்னக் கவனக்குறைவும் பெரிய விலை கேட்கும். அதனால் அங்கே தனி அறை சரி. சியிடம் கையும் மருந்துக் குப்பியும் சுத்தமாக இருந்தாலே தடுத்துவிட முடிகிறது.

தனியாக வைப்பதில் எனக்குப் பெரிய பயம் மூன்று.

முதலாவது, நெகட்டிவ் பக்கம் இருப்பவர்கள் எல்லோரும் உண்மையில் நெகட்டிவ் என்று நம்பிவிடுவது. தொற்று வந்து, வைரஸை எதிர்க்க உடம்பு உண்டாக்கும் ஆன்டிபாடியைத் தேடும் டெஸ்டில் தெரிய இரண்டு, மூன்று மாதம் ஆகலாம். டயாலிசிஸ் நோயாளிகளில் சிலருக்கு இன்னும் தாமதமாகும், சிலருக்கு ஆன்டிபாடி வராமலேகூட இருக்கும். அந்த இடைவெளியில் அவர் நெகட்டிவ் பக்கம்தான் படுத்திருப்பார். இங்கே எல்லோரும் சுத்தம் என்ற நினைப்பில் கை தளர்ந்தால், தொற்று அந்தப் பக்கமே பரவும்.

இரண்டாவது, பாசிட்டிவ் பக்கம் இருப்பவர்களை ஒரே கூட்டமாகப் பார்ப்பது. இந்த வைரஸில் பல ஜீனோடைப்கள், அதாவது மரபணு வகைகள், உண்டு. ஒரு வகை இருப்பவருக்கு இன்னொரு வகையும் தொற்றலாம். எல்லோருக்கும் இருக்கிறதுதானே என்று அங்கே கை கழுவாமல் விட்டால் அந்த நோயாளிகளுக்குச் செய்யும் துரோகம் அது.

மூன்றாவதுதான் என்னை உண்மையில் கோபப்படுத்துவது. மாத்திரை சாப்பிட்டு வைரஸ் முழுக்கப் போன பிறகும் ஆன்டிபாடி ரத்தத்தில் ஆண்டுக்கணக்கில் இருக்கும். ஆன்டிபாடி டெஸ்ட் பாசிட்டிவ் என்றே வரும். அந்த ரிப்போர்ட்டை மட்டும் பார்க்கும் யூனிட்டில், குணமானவரைத் திரும்பவும் பாசிட்டிவ் அறையில், பாசிட்டிவ் மெஷினில் படுக்கவைக்கிறார்கள். ஹெபடைடிஸ் சி ஒரு தடவை வந்து போனால் மறுபடி வராது என்ற பாதுகாப்பு கிடையாது. அவருக்குத் திரும்பத் தொற்றும் வாய்ப்பை யூனிட்டே உண்டாக்கிக் கொடுக்கிறது. பன்னிரண்டு வாரம் ஒழுங்காக மாத்திரை சாப்பிட்டு மீண்டு வந்த மனிதருக்கு இப்படி ஒரு நிலை வரக் கூடாது.

சரி, பிரிப்பதில் அர்த்தமே இல்லையா? ஒரு சூழ்நிலையில் நான் மறுக்க மாட்டேன். நோயாளிகளில் பெரும் பங்கினருக்குத் தொற்று இருக்கிறது, புதிய தொற்று வந்துகொண்டே இருக்கிறது, ஆட்களை உடனே கூட்ட முடியாது, மாத்திரையும் இன்னும் வந்து சேரவில்லை என்றால், வேலையைத் திட்டமிடும்போது பாசிட்டிவ் நோயாளிகளைக் கடைசி ஷிஃப்டில் ஓர் ஓரமாகச் சேர்த்து, தனி ஊழியர் ஒருவரிடம் ஒப்படைப்பது தற்காலிகமாக உதவலாம். அதை 'இப்போதைக்கு' என்று சொல்லியே செய்ய வேண்டும். கறார் சுத்தத்துக்கு மாற்றாக அதை வைத்துக்கொண்டால் பழைய இடத்துக்கே வந்து நிற்போம்.

கறார் சுத்தம் என்று சொல்வது சுலபம், அதற்கும் விலை உண்டு. ஒவ்வொரு நோயாளியைத் தொடும்போதும் புது க்ளவுஸ், கழற்றியதும் கை சுத்தம். மருந்தை டயாலிசிஸ் நடக்கும் இடத்தில் கலக்காமல் தள்ளியிருக்கும் சுத்தமான மேசையில் கலப்பது. ஒரு தடவைக்கான குப்பியை ஒருவருக்கே பயன்படுத்துவது. ஒருவரின் இடத்துக்குக் கொண்டுபோன பிளாஸ்டர், கிளாம்ப், டூர்னிகே எதையும் பொது அலமாரிக்குத் திருப்பாமல் அவருக்கே வைப்பது அல்லது வீசிவிடுவது. நோயாளி எழுந்து போன பிறகே நாற்காலி, மெஷினின் முகப்பு, டியூபைச் சலைனால் நிரப்பும்போது வழிவதைப் பிடிக்கும் பிரைமிங் வாளி, பி.பி. பட்டை எல்லாவற்றையும் கிருமிநாசினியால் துடைப்பது, அது காயும்வரை காத்திருப்பது. கணக்குப் போட்டால் ஒவ்வொரு ஷிஃப்டுக்கும் இடையில் இதற்கென்றே நேரம் ஒதுக்க வேண்டும். ஒரு நாளில் ஒரு ஷிஃப்டைக் குறைக்க நேரலாம், அல்லது ஆட்களைக் கூட்ட நேரலாம். நிர்வாகம் தயங்கும் இடம் இதுதான். மெஷின் வாங்குவது ஒரு தடவைச் செலவு, வாங்கியதைக் காட்டவும் முடியும். கூடுதல் நர்ஸ் மாதாமாதம் செலவு, நடக்காத தொற்றை யாருக்கும் காட்ட முடியாது.

எந்த டெஸ்ட்

கையில் மூன்று டெஸ்ட் இருக்கின்றன. கல்லீரல் பாதிப்பைக் காட்டும் எஸ்.ஜி.பி.டி. மலிவானது, மாதாமாதம் பார்க்கலாம். ஆனால் டயாலிசிஸ் நோயாளிகளுக்கு அது இயல்பாகவே குறைவாக இருப்பதால், தொற்று வந்தும் அளவு 'நார்மல்' என்று ரிப்போர்ட் காட்டிவிடும். ஒருவருடைய பழைய அளவை வைத்து ஒப்பிட்டால்தான் பயன். திடீரென்று ஏறினால் சந்தேகப்பட வேண்டும். ஆன்டிபாடி டெஸ்ட் அடுத்த படி. அது இப்போது தொற்று இருக்கிறதா, எப்போதோ இருந்து போய்விட்டதா என்று பிரித்துச் சொல்லாது. வைரஸின் ஆர்.என்.ஏ.வையே தேடும் பி.சி.ஆர். தொற்று வந்த ஓரிரு வாரங்களிலேயே காட்டிக்கொடுக்கும், இப்போது வைரஸ் இருக்கிறதா என்பதையும் சொல்லும். விலை கூடுதல்.

எல்லோருக்கும் எப்போதும் பி.சி.ஆர். எடுக்க முடிந்தால் நல்லது. முடியாவிட்டால் என் தேர்வு இப்படி இருக்கும்: யூனிட்டில் சேரும்போதும், வேறு யூனிட்டிலிருந்து வரும்போதும் பி.சி.ஆர்.; தொற்றே வராதவர்களுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஆன்டிபாடி, அது பாசிட்டிவ் ஆனால் உடனே பி.சி.ஆர்.; முன்பு தொற்று வந்து குணமானவர்களுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை நேரடியாக பி.சி.ஆர். மட்டும். ஒரே ஒரு புதிய தொற்று தெரிந்தாலும், அந்த யூனிட்டில் எல்லோருக்கும் உடனே எடுக்க வேண்டும். ஒருவருக்கு வந்ததை அவருடைய துரதிர்ஷ்டம் என்று விடுவது, அடுத்தவருக்கு வருவதற்காகக் காத்திருப்பது போல.

மாத்திரை: இப்போதா, மாற்று அறுவைக்குப் பிறகா

பத்து, பதினைந்து ஆண்டுகளுக்கு முன்னால் இந்தக் கேள்விக்கே இடமில்லை. அப்போதிருந்த சிகிச்சையான இன்டர்ஃபெரான் ஊசி டயாலிசிஸ் நோயாளிகளைப் படுத்திய பாடு கொஞ்சநஞ்சமல்ல. அதோடு சேர்த்துக் கொடுத்த ரிபாவிரின் ஏற்கெனவே ரத்தசோகையில் இருப்பவர்களின் ரத்தச் சிவப்பணுக்களை இன்னும் உடைத்தது. பாதியில் நிறுத்தியவர்கள் ஏராளம். வைரஸை நேரடியாகத் தாக்கும் மாத்திரைகள் வந்ததும் நிலைமை தலைகீழானது. அவற்றில் முக்கியமான சோஃபோஸ்புவிரைச் சிறுநீரகம் முழுக்கச் செயலிழந்தவர்களுக்குக் கொடுக்க முதலில் தயங்கினார்கள். பிறகு வந்த அனுபவத்தால் 2019இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு டயாலிசிஸ் நோயாளிகளுக்கும் அதே அளவில் கொடுக்க அனுமதித்தது. சோஃபோஸ்புவிர்-வெல்பாடஸ்விர் கூட்டு மாத்திரையை 59 டயாலிசிஸ் நோயாளிகளுக்கு 12 வாரம் கொடுத்த ஆய்வில் 95 சதவீதம் பேருக்கு வைரஸ் போய்விட்டது. கிளெகாப்ரெவிர்-பிப்ரென்டாஸ்விர் கூட்டைச் சிறுநீரகப் பாதிப்பு முற்றிய 104 பேருக்குக் கொடுத்ததில் 98 சதவீதம். அவர்களில் பெரும்பாலோர் டயாலிசிஸில் இருந்தவர்கள்.

இரண்டில் எது? இரண்டுமே எல்லா ஜீனோடைப்களுக்கும் வேலை செய்யும். கல்லீரல் முற்றிப்போய் வயிற்றில் நீர் சேர்ந்தவர், மஞ்சள் காமாலை வந்தவர் என்றால் கிளெகாப்ரெவிர் கூடாது. சோஃபோஸ்புவிர்-வெல்பாடஸ்விர் பக்கம்தான் போக வேண்டும், அதுவும் கல்லீரல் மருத்துவரின் கண்காணிப்பில். மறுபக்கம், இதயத் துடிப்புக்காக அமியோடரோன் சாப்பிடுபவருக்குச் சோஃபோஸ்புவிர் சேர்ந்தால் துடிப்பு ஆபத்தான அளவு குறையலாம். வெல்பாடஸ்விரோடு பான்டோபிரசோல் போன்ற வயிற்று மாத்திரை சேர்ந்தால் மருந்து உடம்பில் சரியாக ஏறாது. டயாலிசிஸ் நோயாளிகளில் எத்தனை பேர் அதைத் தினமும் சாப்பிடுகிறார்கள் என்று யோசித்துப் பாருங்கள். கிளெகாப்ரெவிரோடு கொலஸ்ட்ரால் மாத்திரையான அடார்வஸ்டாடின் கூடாது. வலிப்புக்கான கார்பமசபின், காசநோய்க்கான ரிஃபாம்பிசின் இரண்டு கூட்டோடும் ஒத்துப்போகாது. ஆக, வைரஸைவிட நோயாளியின் மாத்திரைப் பெட்டிதான் இந்தத் தேர்வைத் தீர்மானிக்கிறது. பெட்டியை அப்படியே மருத்துவரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள், கடையில் நீங்களாக வாங்கிச் சாப்பிடுவதையும் சேர்த்து. அப்புறம், மாத்திரை தொடங்கும் முன் ஹெபடைடிஸ் பி டெஸ்ட் கட்டாயம். சி போகும்போது அடங்கிக் கிடந்த பி கிளம்பி வந்து கல்லீரலைக் கடுமையாகத் தாக்கிய சம்பவங்கள் உண்டு.

எப்போது தொடங்குவது என்ற கேள்விக்கு, மாற்று அறுவை பற்றிய எண்ணமே இல்லாதவருக்குப் பதில் எளிது: இப்போதே. உறவினர் ஒருவர் சிறுநீரகம் தரத் தயாராக இருந்து, சில மாதங்களில் அறுவை நடக்கும் என்றாலும் முன்னாலேயே முடித்துவிடுவதுதான் பெரும்பாலும் வசதி. மாற்று அறுவைக்குப் பிறகு சாப்பிடும் சைக்ளோஸ்போரின் போன்றவற்றோடு சில மாத்திரைகள் மோதும். காத்திருக்கச் சொல்லும் இடம் ஒன்று உண்டு. மூளைச்சாவு அடைந்தவரின் சிறுநீரகத்துக்காகப் பதிவு செய்திருப்பவர், ஹெபடைடிஸ் சி உள்ளவரின் சிறுநீரகத்தை ஏற்கச் சம்மதித்தால், அப்படிப்பட்ட தானம் கிடைக்கும் நாடுகளில் அவருடைய முறை சீக்கிரம் வரலாம். மாற்றிய பிறகு மாத்திரை கொடுத்துக் குணமாக்கிவிடலாம். தொற்றே இல்லாதவர்களுக்கும் இப்படிச் சிறுநீரகம் வைத்துப் பின்னால் குணப்படுத்தலாம் என்று 2017, 2018இல் அமெரிக்காவில் வெளியான இரண்டு சிறிய ஆய்வுகள் காட்டின.

ஆனால் காத்திருப்பதன் விலையை அவர் மட்டும் கொடுப்பதில்லை. அந்தக் காலம் முழுக்க அவர் வாரம் மூன்று தடவை அதே அறையில், அதே ஊழியர்களின் கைகளுக்கு நடுவே இருக்கிறார். கல்லீரல் ஏற்கெனவே கெட்டியாகத் தொடங்கியிருந்தால் அதுவும் காத்திருக்காது. முறை எப்போது வரும் என்று நிச்சயமில்லாத இடத்தில் நான் காத்திருக்கச் சொல்ல மாட்டேன். யூனிட்டில் வைரஸ் உள்ள எல்லோருக்கும் மாத்திரை கொடுத்து முடித்தால், பரவுவதற்கு வைரஸே இல்லாத நிலை வருகிறது. எந்தத் தனி அறையாலும் தர முடியாத பாதுகாப்பு அது. புதிதாகச் சேருபவர் கொண்டுவரலாம், அதனால் கை சுத்தத்தை விட்டுவிட முடியாது. ஆனாலும் பாரம் பெருமளவு குறைகிறது.

டயலைசரைக் கழுவித் திரும்பப் பயன்படுத்துவது பற்றி ஒரு வார்த்தை. ஹெபடைடிஸ் பி என்றால் கூடாது. சி என்றால், கழுவும் இடத்தில் கவனம் சரியாக இருந்தால் செய்யலாம் என்றுதான் வழிகாட்டுதல்கள் சொல்கின்றன. எனக்கு அதில் மனம் ஒப்பவில்லை. கழுவும் ஊழியருக்கு உள்ள ஆபத்தையும் பெயர்ச் சீட்டு மாறிப்போகும் வாய்ப்பையும் நினைத்தால், முடிந்தவரை ஒரு தடவையோடு விடுவதே மேல். வயிற்று வழியாக வீட்டிலேயே செய்துகொள்ளும் சி.ஏ.பி.டி. ஒத்துவருபவர்களுக்குத் தொற்று ஆபத்து வெகுவாகக் குறைவு. தொடங்கும்போதே மருத்துவரிடம் கேட்டுப்பார்க்க வேண்டிய வாய்ப்பு.

கடைசியாக, யூனிட்டைத் தேர்ந்தெடுக்கும் நிலையில் இருக்கும் நோயாளிக்கும் குடும்பத்துக்கும். பாசிட்டிவ் ஆட்களுக்குத் தனி மெஷின் வைத்திருக்கிறோம் என்று சொல்வதை வைத்து மட்டும் முடிவெடுக்காதீர்கள். ஒரு ஷிஃப்ட் மாறும் நேரத்தில் போய் உட்காருங்கள். ஒருவரைத் தொட்ட க்ளவுஸோடு அடுத்தவரிடம் போகிறார்களா, நாற்காலி காலியான பிறகு துடைக்கிறார்களா, மருந்தை எங்கே வைத்துக் கலக்கிறார்கள், ஒரு ஊழியர் எத்தனை பேரைப் பார்க்கிறார் என்று பாருங்கள். கடந்த ஒரு வருடத்தில் இங்கே யாராவது நெகட்டிவிலிருந்து பாசிட்டிவ் ஆனார்களா என்று நேரடியாகக் கேளுங்கள். ஆமாம் என்று சொல்லி, அதற்குப் பிறகு என்ன செய்தோம் என்று விளக்கும் இடம், அப்படி எதுவும் இல்லை என்று அவசரமாக முடிக்கும் இடத்தைவிட நம்பத் தகுந்தது. யூனிட் மாறுவது என்று முடிவானால், பழைய இடத்திலிருந்து கடைசியாக எடுத்த ஆன்டிபாடி, பி.சி.ஆர். ரிப்போர்ட்டுகளின் நகலைக் கையோடு வாங்கிக்கொள்ளுங்கள். புது இடத்தில் முதல் டயாலிசிஸுக்கு முன்பே பி.சி.ஆர். எடுக்கச் சொல்லி, அந்தத் தேதியோடு ரிப்போர்ட்டை வீட்டிலும் ஒரு நகல் வைத்துக்கொள்ளுங்கள்.